ஒன்பது வயதுப் பிள்ளைக்கு வீடு தேடும் சட்டம்

2025-ஆம் ஆண்டின் நடுவில், தத்துக் குழந்தை கேட்டுப் பதிவு செய்துவிட்டுக் காத்திருந்த இந்தியப் பெற்றோர் 36,000-க்கும் மேல். சட்டப்படி தத்துக் கொடுக்கத் தயாராக இருந்த குழந்தைகள் 2,600 சொச்சம். ஒரு குழந்தைக்குப் பதின்மூன்று வீடு. இந்த நாட்டில் பெற்றோருக்கா பஞ்சம் என்று கேட்கத்தான் தோன்றும்.

பட்டியலைப் பிரித்துப் பார்த்தால் கதை வேறு. வரிசையில் நிற்பவர்களில் பெரும்பாலோர் கேட்பது இரண்டு வயதுக்குட்பட்ட, நோய்நொடி இல்லாத குழந்தை. தயாராக இருப்பவர்களில் பெரும்பகுதியினருக்கு ஏதோ ஓர் உடல்நலச் சிக்கல் அல்லது மாற்றுத்திறன். மிச்சத்தில் பலர் பள்ளிக்கூடம் போகிற வயதுப் பிள்ளைகள். சிலர் அண்ணன் தங்கையாக, ஒன்றாகவே போக வேண்டியவர்கள். வரிசைப்படி கேட்டும் யாரும் ஏற்காத குழந்தைகளுக்கென்றே அரசு இணையதளத்தில் 'உடனடி ஒப்படைப்பு' என்று ஒரு பகுதி இருக்கிறது. அங்கே காத்திருப்பு கிடையாது. பதிவு செய்து, வீட்டாய்வு முடிந்தவர் யாராக இருந்தாலும் முன்வரலாம். ஆனால் வருகிறவர்கள் குறைவு.

ஆக, நம்மிடம் இருப்பது இரண்டு பிரச்சினைகள். கைக்குழந்தைக்கு வருகிற கூட்டத்தை ஒழுங்குபடுத்துவது ஒன்று. வளர்ந்த பிள்ளைக்குப் பெற்றோரைத் தேடிப் பிடித்து, அவர்கள் பாதியில் கைவிட்டுவிடாமல் தாங்கிப் பிடிப்பது இன்னொன்று. முதலாவதில் நம் சட்டம் நன்றாகவே தேறிவிட்டது. இரண்டாவதில் இப்போதுதான் அரிச்சுவடி படிக்கிறது.

வரிசையில் நிற்கிறவர்கள்

2015 ஆகஸ்ட் முதல் எல்லாம் ஆன்லைன். டெல்லியில் இருக்கும் மத்திய தத்தெடுப்பு ஆதார ஆணையம், சுருக்கமாக 'காரா', நடத்துகிற 'கேரிங்ஸ்' தளத்தில் பதிவு செய்ய வேண்டும். பான் கார்டு, திருமணச் சான்று, வருமானச் சான்று, மருத்துவரின் தகுதிச் சான்று, தெரிந்தவர்கள் தரும் பரிந்துரைக் கடிதம் என்று காகிதங்கள் ஏறும். பிறகு ஒரு சமூகப் பணியாளர் வீட்டுக்கு வருவார். வீட்டாய்வு என்று பெயர். வந்தவர் சுவரின் பெயின்ட்டைப் பார்ப்பதில்லை. குழந்தை எங்கே படுக்கும்? இருவரும் வேலைக்குப் போனால் பகலில் யார் பார்த்துக்கொள்வார்கள்? வீட்டுப் பெரியவர்களுக்குச் சம்மதமா? ஏற்கெனவே ஒரு பிள்ளை இருந்தால் அதன் மனசு என்ன? 'நீ தத்துப்பிள்ளை' என்பதைக் குழந்தையிடம் எப்போது சொல்வதாக உத்தேசம்? கடைசிக் கேள்வியில்தான் பல வீடுகளில் ஒரு சின்ன மௌனம் விழும். சொல்லாமலே வளர்த்துவிடலாம் என்று நினைப்பவர்கள் நம்மிடையே இன்னும் நிறைய.

வீட்டாய்வு அறிக்கை மூன்று ஆண்டுகள் செல்லும். தம்பதி என்றால் திருமணமாகி இரண்டு ஆண்டுகளாவது ஆகியிருக்க வேண்டும். இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தை கேட்டால் கணவன் மனைவி இருவரின் வயதையும் கூட்டி 85-க்குள் வர வேண்டும். தனியாக இருப்பவர் என்றால் 40-க்குள். குழந்தையின் வயது கூடக்கூட இந்த வரம்பும் தளரும். எட்டு வயதுக்கு மேற்பட்ட பிள்ளைக்குத் தம்பதியின் கூட்டு வயது 110 வரை போகலாம். தனி ஆண், பெண் குழந்தையைத் தத்தெடுக்க முடியாது. தனிப் பெண்ணுக்கு அந்தத் தடை இல்லை. ஏற்கெனவே இரண்டு பிள்ளைகள் இருந்தால், எளிதில் வீடு கிடைக்காத குழந்தைகளை மட்டும்தான் கேட்கலாம்.

இதையெல்லாம் தாண்டி, சராசரியாக மூன்று, மூன்றரை ஆண்டு கழித்து ஒரு நாள் திரையில் ஒரு குழந்தையின் படமும் இரண்டு அறிக்கைகளும் வரும். ஒன்று குழந்தையைப் பற்றியது, இன்னொன்று மருத்துவப் பரிசோதனை. அந்தக் குழந்தை வேண்டும் என்று பதிவு செய்ய 48 மணி நேரம். நேரில் போய்ப் பார்த்து ஏற்க 30 நாள். மூன்றரை ஆண்டு அசையாமல் கிடந்த விஷயம் இரண்டே நாளில் முடிவு கேட்கும். மருத்துவ அறிக்கையைத் தூக்கிக்கொண்டு தெரிந்த குழந்தை மருத்துவரைத் தேடி ஓடாத பெற்றோர் அபூர்வம்.

2022-க்கு முன்பு, தத்தை உறுதி செய்யும் ஆணை நீதிமன்றத்தில் கிடைத்தது. இரண்டு மாதத்தில் முடிக்க வேண்டும் என்று சட்டம் சொன்னாலும் அறுநூற்றுக்கும் மேற்பட்ட வழக்குகள் அப்போது தேங்கிக் கிடந்தன. இளைஞர் நீதிச் சட்டத்தின் 2021 திருத்தம் அந்த அதிகாரத்தை மாவட்ட ஆட்சியரிடம் கொடுத்தது. 2022 செப்டம்பர் 1-இல் நடைமுறைக்கு வந்தது. நீதிபதி பார்க்க வேண்டியதை நிர்வாகி பார்க்கலாமா என்ற கேள்வி எழுந்தது. பம்பாய் உயர் நீதிமன்றம், நிலுவை வழக்குகளை ஆட்சியருக்கு மாற்றுவதை நிறுத்தியும் வைத்தது. ஆனால் காத்திருக்கிற பெற்றோரைக் கேட்டால் யார் கையெழுத்துப் போட்டாலும் சரி, சீக்கிரம் போட்டால் போதும் என்பார்கள். அவர்கள் பக்கமும் நியாயம் இருக்கிறது.

இல்லத்துக்குள் மாட்டிக்கொண்டவர்கள்

வரிசை இவ்வளவு நீளக் காரணம், குழந்தைகள் இல்லாதது அல்ல. இல்லங்களில் இருக்கிறார்கள். சட்டப்படி 'தத்துக்குத் தகுதி' என்ற முத்திரைதான் விழவில்லை. 2022 ஆகஸ்டில் நாடாளுமன்ற நிலைக்குழு தந்த அறிக்கை இதைப் பச்சையாகச் சொன்னது. 2021 டிசம்பர் நிலவரப்படி, காத்திருந்த பெற்றோர் 27,939 பேர். இல்லங்களில் ஆதரவற்றோர், கைவிடப்பட்டோர், ஒப்படைக்கப்பட்டோர் என்று தத்துக்குரியவர்களாகக் கருதப்பட்ட குழந்தைகள் 6,996. அவர்களில், அந்த முத்திரையைக் குத்த வேண்டிய குழந்தைகள் நலக்குழு விடுவித்திருந்தது 2,430 பேரை மட்டும். மூன்றில் இரண்டு பங்குப் பிள்ளைகள் ஒரு கையெழுத்துக்காக நின்றுகொண்டிருந்தார்கள்.

அந்தக் கையெழுத்து ஏன் விழுவதில்லை? இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தை என்றால் இரண்டு மாதம், அதற்கு மேல் என்றால் நான்கு மாதத்துக்குள் முடிவெடுக்க வேண்டும் என்கிறது சட்டம். பெற்றோர் தாமே ஒப்படைத்த குழந்தை என்றால் அவர்கள் மனம் மாற இரண்டு மாதம் அவகாசம். காகிதத்தில் எல்லாம் தெளிவு. நடைமுறையில் ஒரு மாமா இருப்பார். பொங்கலுக்கு ஒரு தடவை வந்து, பிஸ்கட் பாக்கெட் கொடுத்துவிட்டுப் போவார். அவர் இருக்கும்வரை அந்தப் பிள்ளை ஆதரவற்றதும் அல்ல, கைவிடப்பட்டதும் அல்ல. அவர் கூட்டிக்கொண்டு போகப்போவதும் இல்லை. பிள்ளைக்கு நான்கு வயது ஆறாகும், ஆறு ஒன்பதாகும். இல்லத்துக்கோ அந்தப் பிள்ளை வருகைப் பதிவேட்டில் ஒரு தலை. தலைக்கு இவ்வளவு என்று மானியம் வருகிற இடத்தில் தலையைக் குறைக்க யாருக்கும் அவசரம் இருக்காது. இதைச் சொன்னால் இல்லம் நடத்துகிறவர்களுக்குக் கோபம் வரும். நல்லவர்கள் பலர் இருக்கிறார்கள் என்பதும் உண்மை. ஆனால் ஒரு முறை எப்படிக் கட்டப்பட்டிருக்கிறதோ அப்படித்தான் அது நடந்துகொள்ளும்.

2023 நவம்பரில் உச்ச நீதிமன்றத்தின் அப்போதைய தலைமை நீதிபதி சந்திரசூட் தலைமையிலான அமர்வு இதில் தலையிட்டது. 760 மாவட்டங்களில் 390-இல்தான் சிறப்புத் தத்துவள மையம் செயல்படுகிறது என்ற கணக்கைப் பார்த்துவிட்டு, மீதி மாவட்டங்களிலும் அமைக்கக் கெடு விதித்தது. இரண்டு மாதத்துக்கு ஒருமுறை இல்லங்களில் தேடுதல் நடத்தி, தத்துக்குரிய குழந்தைகளை அடையாளம் காண வேண்டும் என்றது. பலன் தெரிந்தது. 2024-25-இல் புதிதாக 8,598 குழந்தைகள் அடையாளம் காணப்பட்டார்கள். அந்த ஆண்டு நடந்த தத்து 4,515. பல ஆண்டுகளில் இல்லாத உயரம். 2010-11-இல் இது 6,000-ஐத் தாண்டியிருந்தது என்பதையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் அவ்வளவு துள்ளத் தோன்றாது.

இங்கே ஒரு எச்சரிக்கை. இல்லங்களில் இருக்கும் பிள்ளைகளில் பெரும்பாலோருக்கு அம்மாவோ அப்பாவோ உண்டு. பிள்ளையைப் படிக்க வைக்க வழியில்லாமல் கொண்டுவந்து விட்டவர்கள் அவர்கள். எண்ணிக்கையைக் கூட்ட வேண்டும் என்று ஏழைத் தாயின் பிள்ளையை எடுத்து வசதியான வீட்டில் வைப்பது தேடுதல் ஆகாது, களவு. மத்திய அரசின் மிஷன் வாத்சல்யா திட்டம் மாதம் 4,000 ரூபாய் நிதி ஆதரவு கொடுப்பது, பிள்ளை சொந்த வீட்டிலேயே இருப்பதற்காக. முதலில் அது. அது முடியாதபோதுதான் மற்றதெல்லாம்.

வரிசை நீண்டால் பின்வாசல் திறக்கும். 2019-இல் ராசிபுரத்தில் ஓய்வுபெற்ற செவிலியர் ஒருவர் ஆணா, பெண்ணா, என்ன நிறம், எவ்வளவு எடை என்று குழந்தைக்கு விலை பேசிய ஆடியோ வெளிவந்து தமிழ்நாடே அதிர்ந்தது. 2021-இல் கொரோனா இரண்டாம் அலையின்போது, 'பெற்றோரை இழந்த குழந்தை இருக்கிறது, தத்தெடுக்க அழையுங்கள்' என்று செல்போன் எண்ணோடு வாட்ஸ்அப்பில் தகவல்கள் சுற்றின. நல்ல மனசோடு அதை ஃபார்வர்டு செய்தவர்கள் நம்மில் எத்தனை பேர்! குழந்தையை விற்றாலும் வாங்கினாலும் ஐந்து ஆண்டு வரை கடுங்காவல், ஒரு லட்சம் அபராதம். மருத்துவமனை ஊழியர் என்றால் குறைந்தது மூன்று, அதிகபட்சம் ஏழு ஆண்டு.

சொத்துக்குப் பிள்ளை, பிள்ளைக்கு வீடு

நம் ஊரில் தத்து என்பது புதிதல்ல. ஆனால் அது யாருக்காக நடந்தது? கொள்ளி வைக்க, ஜமீனைக் காப்பாற்ற. ராமநாதபுரத்தின் ராணி பர்வதவர்த்தினி நாச்சியார், கணவர் இறந்த பிறகு முத்துராமலிங்க சேதுபதியைச் சுவீகாரம் எடுத்தார். விதவைக்கு அந்த அதிகாரம் இல்லை, எனவே ஜமீன் சர்க்காருக்கே என்று மதுரை கலெக்டர் வழக்காடினார். லண்டன் பிரிவி கவுன்சில் வரை போய், 1868-இல் ராணி பக்கம் தீர்ப்பானது. இந்து சட்டம் படிக்கிற மாணவர்கள் இன்றும் அந்த வழக்கைப் படிக்கிறார்கள். அதில் எல்லாரைப் பற்றியும் பேச்சு இருக்கிறது, தத்துப் போன பையனுக்கு என்ன நல்லது என்பதைத் தவிர.

1956-இன் இந்து தத்தெடுப்புச் சட்டத்திலும் அந்த வாசனை ஒட்டியிருக்கிறது. மகன் இருந்தால் இன்னொரு மகனைத் தத்தெடுக்க முடியாது, மகள் இருந்தால் இன்னொரு மகளை எடுக்க முடியாது. அதாவது, காலியிடம் இருந்தால்தான் பிள்ளை. கிறிஸ்தவர்களுக்கும் முஸ்லிம்களுக்கும் வெகுகாலம் 1890-ஆம் ஆண்டின் காப்பாளர் சட்டம்தான் கதி. பிள்ளை அவர்களுக்குக் 'காப்பில் உள்ளவர்', வாரிசு அல்ல. எந்த மதத்தவரும் தத்தெடுக்கலாம் என்ற வழியை 2000-ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டம் திறந்தது. சமூகச் செயற்பாட்டாளர் ஷப்னம் ஹாஷ்மி தொடுத்த வழக்கில் 2014-இல் உச்ச நீதிமன்றம் அதை உறுதி செய்தது. இன்று நடப்பில் இருக்கும் 2015 சட்டம் ஒருபடி மேலே போய், இல்லத்தில் வைப்பது கடைசி வழியாகத்தான் இருக்க வேண்டும் என்கிறது. பிள்ளைக்கு வீடு வேண்டும் என்று சட்டம் யோசிக்க ஆரம்பித்த இடம் அது.

திரும்பி வந்தவர்கள்

வீடு கிடைத்துவிட்டால் முடிந்ததா? 2014-15 முதல் 2018-19 வரையிலான ஐந்து ஆண்டுகளில், தத்துப் போன குழந்தைகளில் 1,100-க்கும் மேற்பட்டோர் இல்லத்துக்கே திரும்பக் கொண்டுவந்து விடப்பட்டார்கள். ஆண்டுக்கு ஆண்டு எண்ணிக்கை இறங்கியிருக்கிறது. முதல் ஆண்டில் 387, கடைசி ஆண்டில் 133. ஆனால் 133 தடவை ஒரு பிள்ளை, பையைத் தூக்கிக்கொண்டு பழைய வாசலில் போய் நின்றிருக்கிறது. வளர்ந்த பிள்ளைகளுக்குப் புது வீட்டில் ஒட்ட நேரம் பிடிப்பதும், இல்லங்கள் அவர்களை முன்கூட்டித் தயார் செய்யாததும்தான் முக்கியக் காரணங்கள் என்று அதிகாரிகளே ஒப்புக்கொண்டார்கள்.

முதல் சில வாரம் எல்லாம் தேன். கூப்பிட்டால் ஓடி வரும், சொன்னதைக் கேட்கும். பிறகு தலையணைக்கு அடியில் சப்பாத்தி கிடக்கும். நாளைக்குச் சாப்பாடு இருக்குமா என்பது அந்தப் பிள்ளைக்கு இன்னும் உறுதியாகத் தெரியாது. படுக்கை நனையும். காரணமே இல்லாமல் ஒரு பொய். பள்ளியிலிருந்து ஒரு புகார். ஒரு நாள் 'நீங்க ஒண்ணும் என் அம்மா இல்ல' என்று முகத்துக்கு நேரே வரும். விரட்டிவிடுவார்களா என்று சோதித்துப் பார்க்கிற பேச்சு அது என்பது அனுபவப்பட்டவர்களுக்குத் தெரியும். புதுப் பெற்றோருக்குத் தெரியாது. பக்கத்து வீட்டுக்காரர் ஒருவர் 'யார் பெத்த பிள்ளையோ' என்று ஆரம்பிப்பார். சொந்தக்காரர் 'ரத்தம்னு ஒண்ணு இருக்கில்ல' என்று முடிப்பார்.

இந்த நேரத்தில் சட்டம் எங்கே இருக்கிறது? ஆறு மாதத்துக்கு ஒருமுறை, இரண்டு ஆண்டு வரை, தொடர் கண்காணிப்பு அறிக்கை எழுதுகிறது. மொத்தம் நான்கு அறிக்கை. பிள்ளை எடை கூடியிருக்கிறதா, பள்ளியில் சேர்த்தாயிற்றா என்று பார்த்துக்கொண்டு போவதற்கு அது போதும். ராத்திரி பதினொரு மணிக்கு அழுது அடம்பிடிக்கும் பிள்ளையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு 'இப்ப நான் என்ன செய்யட்டும்' என்று கேட்க ஒரு போன் நம்பர் வேண்டும். அதைத் தருவது யார் வேலை என்று எந்த விதியும் தெளிவாகச் சொல்லவில்லை.

2024-இல் திறந்த கதவு

தத்துக்கும் இல்லத்துக்கும் நடுவில் ஒரு வழி உண்டு. வளர்ப்புப் பராமரிப்பு. பிள்ளை ஒரு குடும்பத்தில் போய் இருக்கும். வாரிசு உரிமை வராது. சொந்தப் பெற்றோர் நிலைமை சீரானால் திரும்பிப் போகும், இல்லையென்றால் 18 வயது வரை தொடரலாம். 2015 சட்டத்தின் 44-ஆவது பிரிவு இதற்கு இடம் கொடுத்தது. 2016-இல் வந்த மாதிரி வழிகாட்டுதல், திருமணமான தம்பதிகளுக்கு மட்டும் என்றது. வந்தவர்கள் கொஞ்சம்.

2024 ஜூனில் வந்த புதிய வழிகாட்டுதல்தான், என் பார்வையில், பெற்றோரைத் தேடிப் போக இந்திய அரசு எடுத்த முதல் உருப்படியான முயற்சி. 35 முதல் 60 வயது வரையுள்ள தனி நபர்கள் வரலாம். திருமணம் ஆகாதவர், துணையை இழந்தவர், விவாகரத்து ஆனவர், யாராக இருந்தாலும் சரி. தனி ஆண் என்றால் பையனை மட்டும். பிள்ளைகள் ஆறு வயதுக்கு மேற்பட்டவர்கள். யாரும் சீண்டாத அதே வயது. இரண்டு ஆண்டு ஒன்றாக வாழ்ந்து, ஒத்துப்போனால் தத்தெடுத்துக்கொள்ளலாம். முன்பு இது ஐந்து ஆண்டு. 48 மணி நேரத்தில் போட்டோ பார்த்து முடிவெடுக்கச் சொல்வதை விட, இரண்டு ஆண்டு கூட இருந்து பார்த்து முடிவெடுப்பது பிள்ளைக்கும் நல்லது, பெரியவருக்கும் நல்லது. ஐம்பது வயதில் பணி ஓய்வை யோசிக்க ஆரம்பித்த ஓர் ஆசிரியை, மகள் வெளிநாடு போய்விட்ட வீட்டில் தனியாக இருக்கும் ஒருவர், இப்படிப்பட்டவர்களை நினைத்துத்தான் இந்தக் கதவைத் திறந்திருக்க வேண்டும்.

ஆனால் கதவைத் திறந்தவர்கள் தெருவில் போய்க் கூப்பிடவில்லை. மார்க்கெட்டில், கோயில் வாசலில், ரேஷன் கடையில் ஒரு நோட்டீஸ் கூட ஒட்டக் காணோம். தமிழ்நாட்டில் நன்கு படித்த ஐந்து பேரிடம் வளர்ப்புப் பராமரிப்பு என்றால் என்ன என்று கேட்டுப் பாருங்கள். நான்கு பேர் 'தத்துதானே?' என்பார்கள். அரசு மனசு வைத்தால் என்ன செய்ய முடியும் என்பதற்கு உள்ளூரிலேயே உதாரணம் உண்டு. 1992-இல் சேலத்தில் தொட்டில் குழந்தைத் திட்டம் வந்தபோது பட்டிதொட்டியெல்லாம் அதன் பெயர் தெரிந்தது. பெண் சிசுவைக் கொல்லாதே, தொட்டிலில் போடு என்று ஒரே வரியில் செய்தி போய்ச் சேர்ந்தது. அந்தத் திட்டத்தின் மீது விமர்சனங்கள் இருக்கலாம். செய்தி சேரவில்லை என்று யாரும் சொல்ல முடியாது.

பாட்டிகளின் கணக்கு

வளர்ப்புப் பெற்றோரை எங்கேயோ தேடுகிறோம். ஏற்கெனவே லட்சக்கணக்கில் இருக்கிறார்கள். அம்மாயி, அப்பத்தா, சித்தி, தாய்மாமன். மகள் செத்துப்போய், மருமகன் வேறு கல்யாணம் செய்துகொண்டு போய்விட, பேரப்பிள்ளைகள் மூன்றையும் நூறுநாள் வேலைக் கூலியில் வளர்க்கிற பாட்டிக்கு எந்தச் சட்டத்தின் பெயரும் தெரியாது. இவர்களைத் தக்கவைத்துக்கொள்வதுதான் செலவு குறைந்த, பலன் அதிகமான வேலை. தமிழ்நாடு அரசு 2025 செப்டம்பரில் தொடங்கிய 'அன்புக் கரங்கள்' திட்டம், பெற்றோரை இழந்த பிள்ளைகளுக்கு 18 வயது வரை மாதம் 2,000 ரூபாய் தருகிறது. தொகை சிறிது. ஆனால் பிள்ளை உறவுக்குள்ளேயே இருக்கும்படி கைகொடுக்கிற யோசனை சரியானது.

அமெரிக்கா இதைக் கற்றுக்கொள்ள வெகுகாலம் எடுத்துக்கொண்டது. அங்கே வளர்ப்பு இல்லத்துக்கு உரிமம் வாங்க படுக்கையறை அளவு முதல் எத்தனையோ விதிகள். பாட்டிக்கும் அதே விதி, முன்பின் தெரியாதவருக்கும் அதே விதி. உறவினருக்கு மாநிலங்கள் தனியாக, எளிய தகுதி விதிகள் வைத்துக்கொள்ளலாம் என்று 2023-இல்தான் மத்திய அரசு விதி வந்தது.

அந்த நாடு சட்டத்தால் பெற்றோரைத் தேடுவதில் நமக்கு மூத்தது என்பதால் அதன் அனுபவம் பார்க்கத் தக்கது. எளிதில் வீடு கிடைக்காத பிள்ளையை எடுப்பவருக்கு மாதாமாதம் உதவித்தொகை 1980-இலேயே வந்துவிட்டது. 1994 சட்டம், பிள்ளைகள் எந்த இனத்திலிருந்து வருகிறார்களோ அந்தச் சமூகங்களிலிருந்தும் பெற்றோரை முனைந்து தேட மாநிலங்களைக் கடமைப்படுத்தியது. 1997 சட்டம் மாநிலங்களுக்கே ஊக்கத்தொகை வைத்தது. வழக்கமான எண்ணிக்கையைத் தாண்டி வளர்ப்பிலிருந்து தத்துப் போகும் ஒவ்வொரு பிள்ளைக்கும் 4,000 டாலர். 2018 சட்டத்தில், நல்ல வளர்ப்புக் குடும்பங்களைச் சேர்க்கவும் தக்கவைக்கவும் என்றே 80 லட்சம் டாலர் ஒதுக்கினார்கள். இவ்வளவும் செய்து, 2023-இல் வளர்ப்புப் பராமரிப்பில் இருந்த பிள்ளைகள் சுமார் 3.4 லட்சம். பிள்ளைகளைப் பெற்றோரிடமிருந்து பிரிப்பதில் காட்டிய வேகத்தைப் பெற்றோருக்குக் கைகொடுப்பதில் காட்டவில்லை என்ற குற்றச்சாட்டு அங்கே பலமாக உண்டு. அந்தப் பாதி நமக்கு வேண்டாம்.

எடுத்துக்கொள்ள வேண்டிய பாதி கிழக்கு டெக்சஸில் இருக்கிறது. பாசம் ட்ராட் என்ற கிராமத்துப் பக்கம், பென்னட் சேப்பல் என்ற சிறிய கறுப்பினத்தவர் தேவாலயம். 1990-களின் பிற்பகுதியில் போதகர் டபிள்யூ.சி. மார்ட்டினும் அவர் மனைவி டோனாவும் வளர்ப்புப் பராமரிப்பிலிருந்து பிள்ளைகளைத் தத்தெடுத்தார்கள். அதைப் பார்த்துச் சபையில் இன்னொரு குடும்பம், இன்னொன்று. கடைசியில் 22 குடும்பங்கள், 77 பிள்ளைகள். யாரும் பணக்காரர்கள் அல்ல. பிள்ளைகளும் எளிதானவர்கள் அல்ல, பலரும் அடிபட்டு வந்தவர்கள். அங்கே பெற்றோரைத் திரட்டியது எந்த விளம்பரமும் அல்ல. ஏற்கெனவே செய்து காட்டிய பக்கத்து வீட்டுக்காரர். ஒரு வீட்டில் பிள்ளை அடங்கவில்லை என்றால் நடந்துபோகும் தூரத்தில் அதையே பட்டு அறிந்த இன்னொரு அம்மா இருந்தார். அறிக்கை எழுத ஆறு மாதம் கழித்து வருகிறவரை விட அவர் எவ்வளவோ மேல். மாவட்டத்துக்குப் பத்து வளர்ப்புக் குடும்பம் என்று பரப்பி வைக்காமல், ஒரே ஊரில் பத்துக் குடும்பமாகச் சேர்த்துப் பார்க்கலாம். இதற்குச் சட்டத் திருத்தம் கூட வேண்டாம்.

மூன்று மாதம் என்ற கோடு

சட்டத் திருத்தம் கட்டாயம் தேவைப்பட்ட ஓரிடம் உண்டு. 2017-இல் மகப்பேறு நலச் சட்டத்தைத் திருத்தியபோது, தத்தெடுக்கும் தாய்க்கு 12 வாரச் சம்பள விடுப்பு கொடுத்தார்கள். பாராட்ட வேண்டியதுதான். ஆனால் குழந்தை மூன்று மாதத்துக்குள் இருக்க வேண்டும் என்று ஒரு கோடும் போட்டார்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள். பிறந்த அன்றே ஒரு குழந்தை ஒப்படைக்கப்பட்டால், பெற்றவர் மனம் மாற இரண்டு மாத அவகாசம். பிறகு நலக்குழுவின் ஆணை. பிறகு 48 மணி நேரம், பிறகு முப்பது நாள் வரை. மடியில் குழந்தை வந்து விழும்போது மூன்று மாதம் தாண்டியிருக்கும். ஒரு கையால் கொடுத்து மறுகையால் எடுத்துக்கொள்வது என்பது இதுதான். 2020-இன் சமூகப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டத்திலும் அதே வரியை அப்படியே தூக்கி வைத்தார்கள். இதை எதிர்த்து ஒரு தத்துத் தாய் உச்ச நீதிமன்றத்துக்கே போக வேண்டி வந்தது. மத்திய அரசு ஊழியருக்கோ ஒரு வயதுக்குட்பட்ட குழந்தைக்கு 180 நாள் விடுப்பு. ஒரே நாட்டில், ஒரே தாய்மைக்கு, முதலாளி யார் என்பதைப் பொறுத்து அளவுகோல்.

அந்த 180 நாள் கூட, ஏழு வயதுப் பிள்ளையை வீட்டுக்குக் கூட்டி வருகிறவருக்குக் கிடைக்காது. உண்மையில் அவருக்குத்தான் விடுப்பு அதிகம் தேவை. கைக்குழந்தை தூங்கும்போது நீங்களும் தூங்கலாம். ஏழு வயதுப் பிள்ளையைப் புதுப் பள்ளியில் சேர்க்க வேண்டும், டிசி இல்லாததற்குத் தலைமை ஆசிரியரிடம் விளக்கம் சொல்ல வேண்டும், மதியமே அழுதுகொண்டு திரும்பினால் வாசலில் நிற்க வேண்டும். வளர்ப்புப் பெற்றோருக்கு மகப்பேறு விடுப்புச் சட்டத்தில் ஒரு நாள் கூட இல்லை. தனியார் துறை அப்பாக்களுக்கும் இல்லை. பெற்றோர் வாருங்கள் என்று அழைக்கிற அரசு, முதல் பதினைந்து நாள் வேலைக்குப் போக வேண்டாம் என்றாவது சொல்லலாம்.

பணமும் அப்படித்தான். வளர்ப்புப் பராமரிப்புக்கு மாதம் 4,000 ரூபாய். பிள்ளையைப் பணத்துக்காக எடுத்துவிடக் கூடாது என்ற பயம் அதிகாரிகளுக்கு எப்போதும் உண்டு, அது நியாயமான பயம். ஆனால் ஒரு பிள்ளைக்குச் சாப்பாடு, வேன் கட்டணம், மருந்து, தீபாவளித் துணி என்று போட்டால் 4,000 எங்கே நிற்கும் என்பது வீட்டுக் கணக்கு எழுதுகிற எல்லாருக்கும் தெரியும். அதைவிட முக்கியம், அது மாதாமாதம் வருவது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை சேர்ந்து வரும் தொகை சேமிப்புக் கணக்குக்கு அழகு, அடுப்புக்கு அல்ல.

யார் போய்ப் பார்ப்பது?

வளர்ப்புக் குடும்பத்தைக் குழந்தைகள் நலக்குழு மாதம் ஒருமுறை போய்ப் பார்க்க வேண்டும் என்று 44-ஆவது பிரிவு சொல்கிறது. பிள்ளையின் பாதுகாப்புக்கு இது அவசியம். வளர்ப்பு என்ற பெயரில் வீட்டு வேலைக்கு ஆள் எடுக்கிறவர்களும் இருப்பார்கள். அந்தக் குழு எத்தனை பேர்? ஒரு தலைவர், நான்கு உறுப்பினர்கள். ஒரு மாவட்டம் முழுக்க அவர்கள் ஐந்து பேர்தான். ரயில் நிலையத்தில் பிடிபட்ட பிள்ளை, தடுத்து நிறுத்திய குழந்தைத் திருமணம், போக்சோ வழக்கில் பாதிக்கப்பட்ட சிறுமி, பிச்சை எடுக்க வைக்கப்பட்ட குழந்தை எல்லாம் அவர்கள் முன்னால்தான் வரும். இல்லங்களை ஆய்வு செய்வதும் அவர்கள் வேலை. மாதம் குறைந்தது இருபது நாள் அமர வேண்டும். மாவட்டத்தில் நூறு வளர்ப்புக் குடும்பம் வந்துவிட்டால், மாதம் நூறு வீடு ஏறி இறங்க அவர்களால் முடியுமா? முடியாது என்பது எல்லாருக்கும் தெரியும். அதனால்தான், யாரும் வாய்விட்டுச் சொல்லாவிட்டாலும், நூறு குடும்பம் வர வேண்டும் என்று மாவட்டங்கள் பெரிதாக ஆசைப்படுவதில்லை.

உண்மையில் வீடு வீடாகப் போகிறவர்கள் மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகின் சமூகப் பணியாளர்களும் களப் பணியாளர்களும். பெரும்பாலும் ஒப்பந்த ஊழியர்கள். நல்ல வேலை கிடைத்தால் போய்விடுவார்கள், போகத்தானே செய்வார்கள். அவர்களோடு ஒவ்வொரு குடும்பத்தின் கதையும் போய்விடும். இந்தப் பிள்ளை ஏன் பாத்ரூமில் லைட்டை அணைத்தால் கத்துகிறது என்பதைப் புதிதாக வந்தவரிடம் அந்த அம்மா மறுபடி முதலிலிருந்து சொல்ல வேண்டும். மூன்றாவது ஆள் வரும்போது அவர் சொல்வதை நிறுத்திவிடுவார். இருபது குடும்பத்துக்கு ஒரு நிரந்தரப் பணியாளர் என்று விதி எழுதி, ஆள் போட்டு, அவர் போன் நம்பரைப் பெற்றோரிடம் கொடுத்துவிட டெல்லி வரை போக வேண்டியதில்லை. மாநில நிதிநிலை அறிக்கையில் ஒரு வரி ஒதுக்கினால் நடக்கும் வேலை அது.